செம்பவாங் வெந்நீர் ஊற்று: ஒரு வட்டார வரலாறு

சிங்கப்பூரின் வடபகுதியில், யீஷூனுக்கும் செம்பவாங்குக்கும் இடையே, காம்பாஸ் அவென்யூ சாலையோரத்தில் ஓர் ஊற்று இருக்கின்றது. ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வெப்பத்துடன் நிலத்தடியிலிருந்து மேலெழும் அந்நீர் நூறாண்டுகளுக்கும் மேலாக மக்களின் பயன்பாட்டில் இருந்து வருகின்றது. சிங்கப்பூரின் முதன்மைத் தீவில் இயற்கையாக அமைந்த வெந்நீர் ஊற்று இது ஒன்றே ஆகும். தெக்கோங் தீவிலும் ஒன்று உண்டு. ஆயினும் அத்தீவு படைப்பயிற்சிக்கு உரியதாகையால் பொதுமக்கள் அங்கே செல்ல இயலாது.

வெந்நீர் ஊற்றுகளை நம் முன்னோர் வியப்போடும் பக்தியோடும் போற்றி வந்துள்ளனர். பத்ரிநாத் ஆலயத்தைத் தரிசிக்கச் செல்லும் அடியார்கள் முதலில் தப்த குண்டம் என்னும் வெந்நீர்த் தடாகத்தில் நீராடுகின்றனர். ஈழத்தின் திருகோணமலைக்கு அருகே கன்னியா என்னுமிடத்திலுள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளை இராவணன் தன் தாய்க்குச் செய்த ஈமக்கடனோடு தொடர்புபடுத்தி மக்கள் கூறுவர். செம்பவாங் ஊற்றுக்கு இத்தகைய புராணக்கதை எதுவும் வழங்கவில்லை. எனினும், அதனைச் சுற்றி ஒரு தலைமுறைத் தமிழர்களின் வாழ்வும் உழைப்பும் வழிபாடும் இருந்தன. அவர்கள் வாழ்ந்த லயங்கள் இன்று இல்லை. அவர்கள் வழிபட்ட ஆலயம் வேறிடம் பெயர்ந்துவிட்டது. ஊற்று மட்டுமே இருந்த இடத்தில் இருக்கின்றது. அதுவும் தானாகக் காக்கப்பட்டுவிடவில்லை என்பதை இவ்வட்டாரத்தின் வரலாறு காட்டுகின்றது.

பெயரும் நிலமும்

செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயர். நம் ஊர்களிலும் ஆலமங்கலம், பனையூர், புளியங்குடி என்று மரத்தால் பெயர்பெற்ற சிற்றூர்கள் பல இருப்பதால், தமிழருக்கு இவ்வழக்கம் புதியதன்று. ஊற்றிருந்த இடத்தையொட்டிய கம்பத்துக்குக் ‘கம்போங் ஆயர் பானாஸ்’ என்று பெயர். மலாய்மொழியில் ‘ஆயர்’ என்றால் நீர், ‘பானாஸ்’ என்றால் வெப்பம். வெந்நீர்க் கம்பம் என்று நாம் அதனைத் தமிழில் சொல்லலாம். மலாக்காவில் ஜாசினுக்கு அருகேயும் ஆயர் பானாஸ் என்றோர் ஊர் இருப்பதை மலேசிய அன்பர்கள் அறிவர். அங்கும் வெந்நீர் ஊற்றே ஊருக்குப் பெயராயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் வடபகுதி அடர்ந்த காடாகவும் சதுப்பு நிலமாகவும் இருந்தது. ஆறுகளின் வழியே உள்ளே புகுந்த சீனக் குடியேறிகள் காட்டை அழித்துக் காம்பியரும் மிளகும் பயிரிட்டனர். காம்பியர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறெடுக்க விறகு ஏராளமாகத் தேவைப்பட்டது. ஒரு தோட்டத்தின் மண்ணும் அதைச் சூழ்ந்த காட்டின் விறகும் தீர்ந்தவுடன் அவர்கள் அடுத்த காட்டுக்கு நகர்ந்தனர். இவ்வாறு காம்பியர் தோட்டங்கள் தீவின் உட்பகுதிகளுக்குப் பரவின. காம்பியரின் காலம் முடிந்தபின் அன்னாசியும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரும் அந்நிலங்களில் இடம்பிடித்தன. இவ்வட்டாரத்தின் ரப்பர், அன்னாசி வணிகத்தில் பெரும்புகழ் பெற்றவர் லிம் நீ சூன் (1879–1936). நீ சூன் என்ற அவருடைய பெயரே மாண்டரின் ஒலிப்பில் யீஷூன் என்றாகி இன்று ஒரு நகருக்கு வழங்குகின்றது. அவருடைய மகன் லிம் சோங் பாங்கின் பெயரைக் கொண்டதே சோங் பாங் கிராமம்.

ரப்பர் வந்தபோது தமிழரும் வந்தனர். பால்வெட்டும் தொழிலாளர்களாக மலாயாத் தோட்டங்களெங்கும் குடியேறிய தமிழ் மக்களில் ஒரு பகுதியினர் சிங்கப்பூரின் வடபகுதித் தோட்டங்களிலும் வாழ்ந்தனர். பிற்காலத்தில் கடற்படைத் தளத்துக்கு வந்த பெருங்கூட்டத்தோடு ஒப்பிட்டால் அவர்கள் சிலரே. ஆயினும் செம்பவாங் மண்ணில் முதலில் வேர்விட்டவர்கள் அவர்களே என்பதை மறத்தலாகாது.

1908ஆம் ஆண்டு

ஊற்று ‘கண்டுபிடிக்கப்பட்ட’ ஆண்டு 1908 என்று குறிப்பர். நகராண்மைக் கழகத்தின் அலுவலரான குடால் என்பவர் அதனைக் கண்டு பதிவு செய்தார். ‘கண்டுபிடிப்பு’ என்னும் சொல்லை இங்கே சற்று எச்சரிக்கையோடு ஆளுதல் வேண்டும். காட்டில் விறகு வெட்டியவனும், காம்பியர் தோட்டத்துக் கூலியும், மீன் பிடிக்க ஓடைவழியே வந்தவனும் ஆவி பறக்கும் நீரைக் காணாமல் சென்றிருப்பார்கள் என்று எண்ணுவதற்கில்லை. எழுதத் தெரிந்தவரின் கண்ணில் அது பட்ட நாளே ஆவணங்களில் இடம்பெற்றது, அவ்வளவே.

அந்நிலத்துக்கு உரியவராக இருந்தவர் சியா எங் கியோங் என்னும் சீன வணிகர். அவருடைய பாட்டனார் சியா இயூ சின் சிங்கப்பூரின் தொடக்ககாலத் தியோசியூ சமூகத் தலைவர். காம்பியர், மிளகுத் தோட்டங்களால் பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1845ஆம் ஆண்டில் ஙீ ஆன் கொங்சி என்னும் அறநிலையத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். தந்தையார் சியா லியாங் சியா அன்னாசித் தொழிலில் ஈடுபட்டிருந்தார். காம்பியரில் பாட்டனாரும் அன்னாசியில் தந்தையாரும் பொருளீட்ட, பேரனார் மண்ணிலிருந்து தானாகவே பெருகும் நீரில் வணிகத்தைக் கண்டார். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் இத்தீவின் நிலவரலாறு முழுவதும் அடங்கியிருப்பது வியப்புக்குரியது.

நீரைச் சோதித்துப் பார்த்ததில் அதில் தாதுப்பொருள்கள் மிகுந்திருப்பது தெரியவந்தது. ஐரோப்பியச் செல்வந்தர்கள் தாது நீரை மருந்தெனக் கருதி அருந்திய காலம் அது. சியா எங் கியோங் ஒரு நிறுவனத்தை அமைத்து, ஊற்று நீரைப் புட்டிகளில் அடைத்து ‘சோம்புன்’ என்ற பெயரில் விற்பனை செய்தார். 1920களின் தொடக்கத்தில் அந்நிலமும் தொழிலும் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனத்தின் கைக்கு மாறின. 1883ஆம் ஆண்டில் சோடா நீர் தயாரிக்கத் தொடங்கிய இருவரின் பெயரால் அமைந்த இந்நிறுவனத்தை, இங்குள்ள தமிழர்களில் ஆரஞ்சுப் பானம் அருந்தாத பிள்ளைப்பருவம் எவருக்கும் இல்லையாகையால், அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஊற்றருகே நீரைப் புட்டிகளில் நிரப்பும் ஆலையை அமைத்துப் பல ஆண்டுகள் அவர்கள் விற்பனை நடத்தினர்.

கம்பத்து மக்களுக்கு இலவசமாகக் கிடைத்த அதே நீர் நகரத்துக் கடைகளில் விலைக்கு விற்றது. இருவேறு உலகங்களுக்கும் ஒரே ஊற்று நீரளித்தது.

கடற்படைத் தளமும் தமிழர் லயங்களும்

1923ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்தின் தலையெழுத்தே மாறியது. கிழக்காசியாவில் தன் கடலாதிக்கத்தை நிலைநிறுத்த விரும்பிய பிரிட்டிஷ் அரசு, ஜொகூர் நீரிணையை நோக்கிய செம்பவாங் கரையில் மாபெரும் கடற்படைத் தளம் ஒன்றைக் கட்ட முனைந்தது. ரப்பர்த் தோட்டங்களும் சதுப்பு நிலங்களும் கையகப்படுத்தப்பட்டன. ஆறுகள் திருப்பப்பட்டன, சேறு அள்ளப்பட்டது, மலேரியாவை எதிர்த்து வடிகால்கள் வெட்டப்பட்டன. 1928ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து ஒரு பெரும் மிதவைத் துறை கடல்வழியே இழுத்துக் கொண்டுவரப்பட்டது. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், ஆயிரம் அடி நீளமுள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை திறந்து வைக்கப்பட்டது. அந்நாளில் உலகின் மிகப் பெரிய உலர்துறை என்று அது பாராட்டப்பட்டது.

இத்தளத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. துறையின் நீளமும் பீரங்கிகளின் வீச்சும் அவற்றில் துல்லியமாகக் குறிக்கப்பட்டுள்ளன. சேற்றில் இறங்கி மண்வெட்டியவர்களைப் பற்றி அந்நூல்கள் சொல்வது மிகக் குறைவு. அத்தளத்தின் உடலுழைப்பில் பெரும்பங்கு இந்தியர்களுடையது. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் துறைமுகக் கூலிகளாகவும், கொதிகலன் துப்புரவாளர்களாகவும், வண்ணம் பூசுவோராகவும், பண்டகசாலைப் பணியாளராகவும், எழுத்தராகவும் வேலை செய்தனர். ‘நேவல் பேஸ்’ என்னும் பெயரே அவர்களுக்கு ஊர்ப்பெயராக விளங்கிற்று. எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டால், செம்பவாங் என்று சொல்லமாட்டார்கள். நேவல் பேஸ் என்றே சொல்வார்கள். முதியோர் சிலரின் வாயில் அவ்வழக்கு மறையாது நிலைத்தது.

தளத்துக்குள் சாலைகளுக்குப் பிரிட்டிஷ் பேரரசின் நகரங்கள், துறைமுகங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. கேன்பரா, மால்ட்டா, ஜிப்ரால்டர் எனக் கடல்கடந்த ஊர்களின் பெயர்களைத் தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் தங்கள் நாவுக்கேற்ப ஒலித்து வழங்கினர். தொழிலாளர் குடியிருப்புகள் வரிசை வரிசையாக அமைந்திருந்தன. தண்ணீர்க் குழாயடியும், மளிகைக் கடையும், திரைப்படக் காட்சியும், தீபாவளியும், கடன்காரரும், கந்தசஷ்டியும் எல்லாம் அவ்வரிசைகளுக்குள்ளேயே நடந்தன. தளத்தின் எல்லைக்கு வெளியே, தெற்கே சற்றுத் தொலைவில் வெந்நீர் ஊற்று இருந்தது.

போரும் குண்டும்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அவர்களுடைய நாட்டில் வெந்நீர் ஊற்றில் நீராடுதல் பண்பாட்டோடு இயைந்த வழக்கம். செம்பவாங் ஊற்றைக் கண்ட ஜப்பானியப் படையினர் அங்கே நீராடும் தொட்டிகளை அமைத்துக்கொண்டனர். புட்டி நீர் விற்ற இடம் படையதிகாரிகளின் குளியலிடமாயிற்று.

1944ஆம் ஆண்டு நவம்பரில் நேசநாட்டு விமானங்கள் செம்பவாங் வட்டாரத்தைத் தாக்கின. அம்மாதம் 5ஆம் நாள் பி-29 வகைக் குண்டுவீச்சு விமானங்கள் கடற்படைத் தளத்தின் உலர்துறையைக் குறிவைத்தன. அவை புறப்பட்டு வந்த தளங்கள் வங்காளத்தின் கரக்பூரைச் சுற்றி அமைந்திருந்தன. இந்திய மண்ணிலிருந்து எழுந்த விமானங்கள், இந்தியத் தொழிலாளர் வெட்டிய துறையின்மீது குண்டு பொழிந்தன. கீழே லயங்களில் இருந்தவர்களும் இந்தியரே. அம்மாதத்தில் விழுந்த குண்டுகளால் வெந்நீர் ஊற்றும் பாதிக்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகள் நீரோட்டம் தடைப்பட்டிருந்தது. நிலத்தடிப் பிளவுகளின் வழியே மேலேறும் நீருக்கு, மேற்பரப்பில் நேரும் அதிர்ச்சியும் தடையாகக்கூடும். பின்னர் நீர் மெல்ல மெல்லத் தன் வழியை மீண்டும் கண்டுகொண்டது.

கம்பத்து வாளிகள்

போருக்குப் பிந்திய காலமே ஊற்று மக்களுக்கு மிக நெருக்கமாக இருந்த காலம் எனலாம். மூட்டுவலிக்கும் தோல்நோய்க்கும் இந்நீர் நல்லது என்னும் நம்பிக்கை பரவியது. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் வாளிகளோடு வந்தனர். நீரை முகந்து, ஆறவைத்து, கால்களை நனைத்தபடி மணிக்கணக்கில் அமர்ந்திருந்தனர். கோழியின் இறகு நீக்கவும் முட்டை வேகவைக்கவும் அந்நீர் உதவிற்று. விறகுச் செலவில்லாத வெந்நீர் என்பது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய பேறன்று.

மருத்துவப் பயன் எவ்வளவு என்பது வேறு செய்தி. நீரில் குளோரைடு உப்பு மிகுந்துள்ளது. கந்தகத்தின் மெல்லிய வாடையும் உண்டு. சூட்டினால் தசை தளர்ந்து வலி தணிவதும் உண்மையே. அதற்கு மேற்பட்ட அற்புதங்களைச் சொல்வோர் தம் நம்பிக்கையைச் சொல்கின்றனர். எனினும், அவர்கள் அனைவரும் ஒரே இடத்தில் ஒருவர் வாளியை மற்றவர் தூக்கிக்கொடுத்து வாழ்ந்ததை அற்புதம் என்று சொன்னால் தவறாகாது.

வணிகர்களும் ஊற்றை விட்டுவிடவில்லை. 1967ஆம் ஆண்டில் ஃபிரேசர் அண்ட் நீவ் தன் துணை நிறுவனமாக ‘செமாங்காட் ஆயர்’ என்பதனை ஏற்படுத்தி, மீண்டும் நீரைப் புட்டியில் அடைக்க முற்பட்டது. ‘நீரின் உயிராற்றல்’ என்பது அப்பெயரின் பொருள்.

அதே 1967ஆம் ஆண்டில்தான் செம்பவாங் மக்களின் வயிற்றில் புளியைக் கரைத்த செய்தியும் வந்தது. சூயஸுக்குக் கிழக்கேயுள்ள தன் படைகளைத் திரும்பப் பெறுவதாகப் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. பிரிட்டிஷ் தளங்களின் வாயிலாகக் கிடைத்த வருமானம் அந்நாளில் சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்களவு இருந்தது. 1968ஆம் ஆண்டில் கடற்படைக் கப்பல்பட்டறை சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, செம்பவாங் கப்பல்பட்டறை என்ற வணிக நிறுவனமாக மாறியது. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளோடு பிரிட்டிஷ் தற்காப்புப் பொறுப்பு முடிவுற்றது. வேலையைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் தங்கினர். பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு, டிரங்குப் பெட்டியைக் கட்டி, தாயகம் திரும்பியவர்களும் பலர். 1957ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மக்கள்தொகையில் நூற்றுக்கு 9 பேர் இந்தியர். 1970இல் அது 7 ஆகவும், 1980இல் 6.4 ஆகவும் குறைந்தது. அந்த எண்களுக்குள் நேவல் பேஸ் குடும்பங்களின் பிரிவுகளும் அடங்கியுள்ளன. கணவர் ஊருக்குத் திரும்ப, மகன் இங்கே தங்கிய வீடுகள் உண்டு. நாற்பது ஆண்டுகள் அடுத்தடுத்த வாசலில் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் மீண்டும் காணாமலேயே மறைந்ததும் உண்டு.

மூர்த்தியும் தீர்த்தமும்

கடற்படைத் தளத்துத் தமிழர்களின் வழிபாட்டு வரலாற்றில் சிறப்பிடம் பெறுவது புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். 1960களில், கேன்பரா சாலையை அடுத்த பகுதியில், ஒரு மரத்தடியில் தொடங்கிய எளிய வழிபாடு அது. தளத்தில் வேலை செய்த தொழிலாளர்களே அதன் அடியார்கள். வேலை முடிந்து, கையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிக்கொண்டு வந்து அவர்கள் கூட்டிய திருப்பணி அது. பங்குனி உத்திரம் அவ்வாலயத்தின் பெருவிழாவாயிற்று.

புறநகரங்கள் எழத் தொடங்கியபோது ஆலயம் இருந்த நிலம் வளர்ச்சித் திட்டங்களுக்குத் தேவைப்பட்டது. 1990களில் ஆலயம் யீஷூன் தொழிற்பேட்டைப் பகுதியில் புதிதாக எழுப்பப்பட்டது. அதன் பெயரில் மரம் இன்றும் உள்ளது. பங்குனி உத்திர நாளில் செம்பவாங் பகுதியிலிருந்து புறப்படும் காவடிகளும் பால்குடங்களும் யீஷூனை நோக்கி நடக்கின்றன. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் அமைத்து நிற்போரில் பலர், தீவின் வேறு மூலைகளில் உள்ள அடுக்குமாடி வீடுகளிலிருந்து அந்த ஒரு நாளுக்காகத் திரும்பி வரும் நேவல் பேஸ் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர்.

ஒரு திருத்தலத்தின் பெருமையை மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றாகப் பகுத்துச் சொல்வது நம் மரபு. ஆலயம் ஒன்றை இடம்மாற்ற நேரும்போது, மூர்த்தியின் சக்தியைக் கும்ப நீரில் எழுந்தருளச் செய்து, பாலாலயத்தில் வைத்துப் போற்றி, புதிய கருவறையில் மீண்டும் நிலைநிறுத்த ஆகமம் வழிகாட்டியிருக்கின்றது. நிலப் பற்றாக்குறையுள்ள இச்சிறு நாட்டில் பல ஆலயங்கள் அவ்வாறே இடம்பெயர்ந்து, முன்னிலும் சிறப்பாக விளங்குகின்றன. மக்களும் பெயர்ந்துவிடலாம். 1980களில் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தபோது அவர்கள் பெயரவே செய்தனர். சோங் பாங் கிராமமும் அப்பத்தாண்டின் இறுதியில் இடிக்கப்பட்டது. செம்பவாங் கரையோரத்தில் ஜாலான் மெம்புரோங்கில் உள்ள சிறிய கம்பத்துப் பள்ளிவாசல் போன்ற சிலவே எஞ்சின. ஆனால் மண்ணுக்கடியில் ஊறும் நீரை எந்தக் கும்பத்திலும் ஏற்றி வேறிடத்தில் நிலைநிறுத்த இயலாது. அந்த இடத்தை இழந்தால் அதனை அடியோடு இழந்ததாகும்.

வேலியும் விண்ணப்பமும்

அவ்விழப்பு நேரும் நிலை இருமுறை வந்தது. 1985ஆம் ஆண்டில், செம்பவாங் விமானப்படைத் தளத்தை விரிவுபடுத்தும் பொருட்டு, ஊற்று இருந்த நிலத்தை அரசாங்கம் கையகப்படுத்தியது. ஏறத்தாழ அறுபது ஆண்டுக்காலம் நிறுவனத்தின் கையிலிருந்த ஊற்று இப்போது அரசின் படைநிலத்துக்குள் வந்தது. கம்பம் கலைந்தது. எனினும் மக்கள் வருவது நிற்கவில்லை. மூடப்பட்ட கிணற்றிலிருந்து குழாய்களின் வழியே வந்த நீரை அவர்கள் வாளிகளில் பிடித்தனர். நெகிழி நாற்காலிகளை வீட்டிலிருந்தே கொண்டுவந்தனர்.

2002ஆம் ஆண்டில், விமானத் தளத் தேவைகளுக்காக ஊற்றுப் பகுதி மூடப்படும் என்ற நிலை எழுந்தது. அப்போது நடந்ததை இவ்வரலாற்றின் மையம் என்றே சொல்லலாம். பொதுமக்கள் விண்ணப்பம் எழுதினர். செய்தித்தாள்களுக்குக் கடிதம் அனுப்பினர். தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் முறையிட்டனர். புட்டி நீர் விற்ற நிறுவனங்கள் அதற்குள் விலகிவிட்டன. ஊற்றுக்காகப் பேசியவர்கள், அதனிடமிருந்து ஒரு வாளி வெந்நீரைத் தவிர வேறெதனையும் எதிர்பாராதவர்கள். தற்காப்பு அமைச்சு அவர்களுடைய வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தது. விமானத் தளத்தின் பாதுகாப்புக்கு ஊறு நேராதவாறு, இருபுறமும் வேலியிட்ட ஒரு நடைபாதை அமைக்கப்பட்டு, பகல் நேரத்தில் பொதுமக்கள் ஊற்றை அடைய வழிசெய்யப்பட்டது. முள்வேலிகளுக்கு நடுவே வாளியைச் சுமந்துகொண்டு முதியவர்கள் நடந்து சென்ற காட்சி அதன்பின் பல ஆண்டுகள் அவ்விடத்தின் அடையாளமாக இருந்தது. அழகான காட்சி என்று அதனைச் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வேலிப்பாதை இல்லாதிருந்தால் பின்னர் வந்த பூங்காவும் இல்லை.

நீர் எங்கிருந்து வருகின்றது

சிங்கப்பூரில் எரிமலை ஏதும் இல்லாதிருக்க, இந்த வெப்பம் எவ்வாறு வந்தது என்னும் ஐயம் பலருக்கு எழும். தீவின் நடுவிலும் வடக்கிலும் நிலத்தடியில் இருப்பது புக்கிட் தீமா கருங்கல் எனப்படும் மிகப் பழம்பாறை. அப்பாறைக்குள் இயற்கையாகவே கலந்துள்ள கதிரியக்கத் தாதுக்கள் மிக மெதுவாகச் சிதைந்து வெப்பத்தை வெளியிடுகின்றன. ஆழம் செல்லச் செல்ல நிலத்தின் சூடும் கூடுகின்றது. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, இன்னொரு பிளவின் வழியே மேலெழுந்து வருகின்றது. இத்தீவில் பெய்த மழையே நெடுங்காலம் பாறைக்குள் தவங்கிடந்து வெந்நீராய்த் திரும்புகின்றது எனலாம்.

இவ்வூற்றே அறிஞர்களுக்கும் ஒரு குறிப்பைக் காட்டியது. வடசிங்கப்பூரில் நிலத்தடி வெப்பத்தை மின்னாற்றலுக்குப் பயன்படுத்த இயலுமா என்று ஆராய, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் அண்மைக் காலத்தில் ஆழ்துளைகள் இடப்பட்டன. அவற்றுள் ஒன்றில், 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 பாகை செல்சியஸ் வெப்பம் அளவிடப்பட்டது. கோழி இறகு நீக்க உதவிய நீர், நாட்டின் எரிபொருள் ஆய்வுக்கும் வழிகாட்டியாயிற்று.

இன்றைய பூங்கா

ஊற்றுப் பகுதி பின்னர்த் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. 2018ஆம் ஆண்டில் சீரமைப்புக்காக மூடப்பட்டு, 2020ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டது. வேலிப்பாதை இருந்த காலத்தைவிடப் பன்மடங்கு பரந்த இடமாக, ஏறத்தாழ 2.2 எக்டர் பரப்பில் அது அமைந்துள்ளது. 70 பாகையில் வெளிவரும் நீர், படிப்படியாய் அமைக்கப்பட்ட தொட்டிகளில் வழிந்து, கால் நனைக்கத்தக்க 40 பாகை அளவுக்கு ஆறுகின்றது. வாளியில் நீர் பிடிக்கவும், முட்டை வேகவைக்கவும் தனித்தனி இடங்கள் உள்ளன. சக்கர நாற்காலியில் வருவோர்க்கும் வசதி செய்யப்பட்டுள்ளது. பழைய செங்கற் கட்டடமும் விட்டுவைக்கப்பட்டிருக்கின்றது. ஊற்றின் கடந்தகாலத்தை விளக்கும் பலகைகளும் உண்டு. அவற்றில் வணிகர்களின் பெயர்களும் படைகளின் பெயர்களும் காணப்படுகின்றன. நேவல் பேஸ் மக்களின் நினைவுகளை அவர்தம் பிள்ளைகள்தாம் எழுதிவைத்தல் வேண்டும். தாத்தா, பாட்டி இருக்கும் வீடுகளில் அவ்வேலையை இன்றே தொடங்கலாம். பழைய நிழற்படங்களின் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் குறிப்பதிலிருந்தே தொடங்கலாம்.

ஊற்றைக் காணச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு சொல். 70 பாகை நீர் ஒரு நொடியில் தோலைக் கொப்புளிக்கச் செய்துவிடும். நீரிழிவு நோயாளிகளுக்குப் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருப்பதால் சூடு தெரியாமலேயே காயம் ஏற்படக்கூடும். அவர்களும், முதியோரும், கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்டபின் காலை நனைப்பதே நன்று. குழந்தைகளைக் குழாயருகே தனியே விடலாகாது. வாளி நீரில் முதலில் குளிர்ந்த நீரைக் கலந்துகொள்ளுதல் வேண்டும். பூங்காவுக்குள் செல்லக் கட்டணம் இல்லை. காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை அது திறந்திருக்கும். நுழைவாயில் காம்பாஸ் அவென்யூவில் உள்ளது.